பன்னிரண்டு சொற்களும் ஒரு பாமினி மாற்றியும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதக் கட்டுரையில், பேச்சோடு பேச்சாக, பிட்கொயின் என்ற மெய்நிகர் நாணயத்தை வாங்குவதைக் 'கடதாசி விளையாட்டு' என்று எழுதியிருந்தீர்கள். நான் திருகோணமலை நகரில் ஒரு சிறிய கொமினிகேஷன் கடை நடத்துகிறேன். 2021 ஆம் ஆண்டிலிருந்து கொஞ்சம் பிட்கொயின் வைத்திருக்கிறேன். 2022 இல் நமது ரூபாய் பட்ட பாட்டை நீங்களும் பார்த்தீர்கள். ரூபாயில் சேமித்தவர் சூதாடவில்லை, பிட்கொயினில் சேமித்தவர் மட்டும் சூதாடினார் என்பது நியாயமா? பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததை இன்றைய யுனிகோடு எழுத்தாக்கும் பாமினி மாற்றி, பல பீடிஎப் கோப்புகளை ஒன்றாக்கும் பீடிஎப் இணைப்பி போன்ற இலவச இணையக் கருவிகளை நீங்களே பலருக்குப் பரிந்துரைத்திருக்கிறீர்கள். அவற்றின் மீது வராத சந்தேகம் இதன் மீது மட்டும் ஏன் வருகிறது?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அந்த வரியை நான் யோசித்து எழுதவில்லை. 304 என்ற சீட்டாட்டம் ஆடுகிறவருக்குத் தன் கையில் உள்ள கடதாசியாவது தெரியும் என்பதால், உவமையும் பொருந்தவில்லை.

ரூபாய் பற்றிய உங்கள் வாதத்தைக் கணக்குப் போட்டே பார்த்தேன். 2022 ஜனவரித் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய், ஒரு பிட்கொயின் 46,000 டொலருக்குச் சற்று மேல். அதாவது ஏறத்தாழ 93 இலட்சம் ரூபாய். அதே ஆண்டின் முடிவில் டொலர் 360 ரூபாயைத் தாண்டியிருந்தது, பிட்கொயினோ 16,500 டொலர் அளவுக்கு இறங்கியிருந்தது; அதாவது ஏறத்தாழ 60 இலட்சம். ரூபாயின் வீழ்ச்சிக்கு அஞ்சி ஜனவரியில் பிட்கொயினுக்கு மாறியவர், அந்த ஓர் ஆண்டில், ரூபாய்க் கணக்கிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்தார். அதே தொகையை வெறும் டொலராக வைத்திருந்தவர் கையில் 1 கோடியே 68 இலட்சம் இருந்திருக்கும். ஆனால் விற்காமல் பொறுத்திருந்தவருக்கு, 2024 டிசம்பரில் பிட்கொயின் முதல் தடவையாக ஒரு இலட்சம் டொலரைத் தாண்டியபோது, கணக்கு முற்றாக மாறிவிட்டது. கணக்கை எந்தத் திகதியில் நிறுத்துகிறோமோ அதற்கேற்ப நீங்களும் வெல்லலாம், நானும் வெல்லலாம். இப்படி இரண்டு பக்கமும் சாயும் ஒரு கணக்கை வைத்துக்கொண்டு தேநீர்க் கடையில் உறுதியாகப் பேசுவது எளிது என்பதால்தான் எல்லோரும் பேசுகிறோம்.

ஏற்ற இறக்கம் என்பது நமக்குப் புதிதும் அல்ல. கரைவலையில் கீரி மீன் அள்ளுப்பட்ட நாளில் காலை விலை மாலையில் நிற்பதில்லை. மிஞ்சியதைக் கருவாடாக்கலாம் என்பது மட்டுமே ஆறுதல். மீனின் விலை ஆடுவதற்குப் பெரும்பாலும் வரத்து காரணம். பிட்கொயினிலோ வரத்து முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது: மொத்தம் 2 கோடியே 10 இலட்சம் நாணயங்கள், புதியவை வெளிவரும் அளவு ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒரு தடவை பாதியாகும், கடைசியாக 2024 ஏப்ரலில் அப்படிப் பாதியானது. விலை ஏறினால் யாரும் கூடுதலாக உற்பத்தி செய்ய முடியாது. ஆகவே வாங்குவோரின் ஆசையும் அச்சமும் தணிக்கப்படாமல் அப்படியே விலையில் ஏறுகின்றன. அந்த ஆசையும் அச்சமும் நாளை எப்படி இருக்கும் என்று அளக்க என்னிடம் கருவி எதுவும் இல்லை. எனவே விலை பற்றிக் கருத்துச் சொல்வதை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது. இலவசக் கருவிகளை நான் தாராளமாகவே பரிந்துரைத்திருக்கிறேன். அந்தத் தாராளத்துக்கு நானே ஒரு தடவை விலை கொடுத்தேன். மூன்று கட்டுரைகளின் வரைவுகளை வைத்திருந்த ஓர் இலவசக் குறிப்புத் தளம், நான் பார்க்கத் தவறிய ஒரே ஒரு மின்னஞ்சலோடு மூடப்பட்டுவிட்டது. ஆயினும் எல்லாக் கருவிகளும் ஒரே தன்மையானவை அல்ல. பாமினியை யுனிகோடாக மாற்றுவது எழுத்துக்கு எழுத்து பார்த்து மாற்றும் ஓர் அட்டவணை வேலை. அதை உங்கள் உலாவியே செய்துவிட முடியும். சோதிப்பது எளிது: பக்கம் திறந்த பிறகு இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு மாற்றிப் பாருங்கள். மாறினால், வேலை உங்கள் கணினியிலேயே நடக்கிறது. தொடர்பை மீண்டும் இணைக்குமுன் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். மாறாவிட்டால், நீங்கள் ஒட்டிய எழுத்து எங்கோ இருக்கும் ஒருவருடைய கணினிக்குப் போய்த்தான் திரும்புகிறது. பீடிஎப் இணைப்பிகளில் பல இந்த இரண்டாம் வகை. உங்கள் கடைக்கு மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் மக்கள் காணி உறுதியையும் அடையாள அட்டையையும் கடவுச்சீட்டையும் கொண்டு வருவார்கள். அவற்றை இணைப்பதற்கு, தொடர்பே இல்லாமல் கணினியில் இயங்கும் இலவச மென்பொருளைப் பயன்படுத்துங்கள். என் பழைய பரிந்துரையில் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டது என் பிழை.

நீங்கள் தனித்தனியாகக் கேட்ட இரண்டு கேள்விகளும் சேருமிடம் ஒன்றுண்டு. பிட்கொயின் வைத்திருப்பவர் விலை வீழ்ச்சியை மட்டும் பயந்துகொண்டிருக்க, இழப்பு இந்தச் சாதாரணக் கருவிகளின் வழியாகவும் வந்து சேரலாம். நாணயத்தை அனுப்பவேண்டிய பிட்கொயின் முகவரியைப் படியெடுத்து ஒட்டும்போது, இடையில் அதைத் திருடனின் முகவரியாக மாற்றிவிடும் தீநிரல்கள் உள்ளன. தொடக்க எழுத்துகளை மட்டும் பார்த்துவிட்டு அனுப்புகிறவர் அதைக் கவனிப்பதில்லை. பிட்கொயினைக் கையாளும் செயலியான பணப்பையை மீட்கும் 12 இரகசியச் சொற்களைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருக்கிறீர்களா? 2025 பெப்ரவரியில் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அம்பலப்படுத்திய ஸ்பார்க்கேட் என்ற தீநிரல், கூகுள், ஆப்பிள் ஆகிய இரண்டின் செயலிக் கடைகளிலும் இருந்த செயலிகளுக்குள் ஒளிந்து, படத்தொகுப்பில் உள்ள எழுத்துகளை வாசித்து, இத்தகைய சொற்களைத்தான் தேடியது. அச்சொற்கள் யாரிடம் உள்ளனவோ அவருக்கே நாணயம். அனுப்பியதைத் திருப்பிக் கேட்க எந்த வங்கிக் கிளைக்கும் போக முடியாது. மத்திய வங்கி மெய்நிகர் நாணயம் பற்றிப் பல தடவை எச்சரித்ததோடு, வங்கி அட்டைகளைக் கொண்டு அதற்குக் கொடுப்பனவு செய்ய அனுமதியில்லை என்றும் 2021 இல் அறிவித்ததை நீங்கள் அறிந்திருப்பீர்கள். நாணயத்தை, அதை வாங்கி விற்க உதவும் பரிமாற்று நிறுவனம் ஒன்றிலேயே விட்டிருந்தால், 12 சொற்கள் கூட உங்களிடம் இல்லை; 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற அத்தகைய நிறுவனம் கதவை மூடியபோது வாடிக்கையாளர்களிடம் எஞ்சியது திரையில் தெரிந்த ஒரு தொகை மட்டுமே.

ஆகவே சொற்களைத் தாளில் எழுதுங்கள், படத்தை அழியுங்கள், மேகச் சேமிப்பில் தானாகப் பதிந்த பிரதியையும் தேடி அழியுங்கள். படம் ஏற்கெனவே வெளியே போயிருக்கலாம் என்று தோன்றினால், புதிய பணப்பை ஒன்றை உருவாக்கி நாணயத்தை அதற்கு மாற்றிவிடுவதே நல்லது. அச்சொற்கள் 2,048 சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து வருகின்றன. ஜப்பானிய, கொரிய, ஸ்பானிய மொழிகளில் கூட அந்தப் பட்டியல் உண்டு, தமிழில் இல்லை. உங்களுக்கு ஏதாவது நேர்ந்து, வீட்டார் அலுமாரியைத் திறந்தால், தொடர்பில்லாத பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் கொண்ட தாளைப் பிள்ளைகளின் பாடக் குறிப்பு என்று எண்ணி எறிந்துவிடக்கூடும். உறையின் மேல், இது என்ன, யாரிடம் காட்டக் கூடாது என்று இரண்டு வரி தமிழில் எழுதி வையுங்கள்.

அன்புடன்.