கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் கோட் தைக்க வேண்டுமா?

அன்புள்ள அம்மா,

சீட்டுப் பணத்தை எடுத்து மகனுக்குக் கோட்-சூட் தைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கோட் கட்டாயம் என்று கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவு சொல்லியிருந்தால் மட்டும் அது வேறு கதை. அப்போதும் சீனியர் பையன் ஒருவனிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம். வேலைக்கு ஆள் எடுக்க வருகிறவர்களே இப்போது பெரும்பாலும் கோட் போட்டு வருவதில்லை. ஊழியர்களின் உடையில் இருந்த கெடுபிடியை ஐபிஎம் 1995-லேயே தளர்த்தியது. இன்ஃபோசிஸ் 2015-ல் விட்டது. கோல்ட்மேன் சாக்ஸ் மாதிரி முதலீட்டு வங்கிகூட 2019-ல் இறங்கி வந்துவிட்டது.

அதற்காக டி-ஷர்ட்டில் போகலாம் என்று மகன் சொன்னால் கேட்காதீர்கள். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சலுகை உண்டு, வாசலில் நிற்பவருக்கு இன்னும் வரவில்லை. சரி, அப்படியானால் என்னதான் எடுப்பது?

ஒரு முழுக்கை சட்டை, வெள்ளையோ வெளிர் நீலமோ. கருநீலத்திலோ அடர் சாம்பலிலோ ஒரு பேன்ட். கறுப்பு ஷூ, கறுப்பு பெல்ட். அவ்வளவுதான். கல்யாணத்துக்கு எடுத்த பளபளப்புச் சட்டை வீட்டில் இருக்கும், அது அங்கேயே இருக்கட்டும்.

துணியைவிட அளவுதான் முக்கியம். இதில்தான் நம் பையன்கள் கோட்டை விடுகிறார்கள். ரெடிமேட் ஃபார்மல் சட்டையில் 38, 39, 40, 42 என்று போட்டிருப்பது பெரும்பாலும் காலர் அளவு, சென்டிமீட்டரில். மேல் பட்டனைப் போட்டுவிட்டுக் காலருக்குள் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நுழைந்தால் சரி. அடுத்தது தோள்பட்டைத் தையல். அது தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். கையை நோக்கி வழிந்தால் அண்ணன் சட்டையைப் போட்டு வந்த மாதிரி இருக்கும். இடுப்பு, கை நீளம், பேன்ட் உயரம் எல்லாவற்றையும் தெருமுனைத் தையல்காரர் சரிசெய்து கொடுப்பார். தோளைச் சரிசெய்வது மட்டும் பெரிய வேலை. அதனால் கடையிலேயே தோளைப் பார்த்து எடுங்கள். வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் கூட்டி எடுக்கும் வழக்கம் பள்ளி யூனிஃபார்மோடு போகட்டும். 'ஸ்லிம் ஃபிட்' என்று அவனே தேர்ந்தெடுத்தால், கடையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். நிற்கும்போது அழகாக இருந்து, உட்கார்ந்ததும் பட்டனுக்கு நடுவில் வாய் பிளக்கும் சட்டை வேண்டாம்.

சுத்தப் பருத்தி உடம்புக்கு நல்லது, ஆனால் பேருந்தில் ஒரு மணி நேரம் போனால் கசங்கிவிடும். முழு பாலியெஸ்டர் கசங்காது, வியர்வையை வெளியே விடாது. இரண்டும் கலந்த துணியில் பருத்தி கூடுதலாக இருப்பதாகப் பாருங்கள். எதுவானாலும் நேர்காணல் சட்டையை இஸ்திரி போட்டுப் பையில் எடுத்துப் போய், அங்கே முகம் கழுவிவிட்டு மாற்றிக்கொள்வதுதான் நம் வெயிலுக்குச் சரிப்படும். வெள்ளைச் சட்டை என்றால் உள்ளே பனியன் கட்டாயம். அதில் எழுத்தோ படமோ இருக்கக் கூடாது, வெளியே தெரியும்.

ஷூவுக்குப் புதிதாகச் செலவு செய்ய வேண்டுமா என்றால், பன்னிரண்டாம் வகுப்பில் போட்ட கறுப்புத் தோல் ஷூ இன்னும் காலுக்குச் சேர்ந்தால் அதுவே போதும். பாலிஷ் போட்டு, நாடா மட்டும் புதிதாக வாங்குங்கள். முனை கூரான மாப்பிள்ளை ஷூ வேண்டாம். சாக்ஸ் மட்டும் பேன்ட் நிறத்தில், கணுக்காலுக்கு மேல் ஏறுவதாக இருக்கட்டும். கறுப்பு ஷூவுக்குள்ளிருந்து வெள்ளை விளையாட்டு சாக்ஸ் எட்டிப் பார்ப்பதை நான் பார்த்த அளவுக்கு வேறு எந்தத் தவறையும் பார்த்ததில்லை.

வேட்டி கட்டிப் போனால் என்ன என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். 2014-ல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடாமல் திருப்பி அனுப்பியது. அதன் பிறகு, அப்படித் தடுக்கக் கூடாது என்று சட்டமே வந்தது. தலைமைச் செயலக ஊழியர்களுக்கான 2019 உத்தரவிலும் பேன்ட்-சட்டையோடு வேட்டிக்கும் இடம் உண்டு. நீதிமன்றத்தில் ஆஜராகும் அதிகாரிக்குத்தான் அதில் கோட் கேட்டார்கள். ஆனால் கம்பெனித் தேர்வில் உங்கள் மகன் படித்த படிப்பைப் பற்றித்தான் பேச்சு ஓட வேண்டும், உடையைப் பற்றி ஓடக் கூடாது. வேலையில் சேர்ந்து பொங்கல் வரும்போது தாராளமாகக் கட்டிப் போகட்டும்.

கார்த்திகையில் மாலை போடுவான் என்றும் சொல்லியிருந்தீர்கள். இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். நவம்பர் நடுவில் தொடங்கி ஒரு மண்டலம் என்றால் தாடி, வெறுங்கால், கறுப்பு வேட்டி எல்லாம் கம்பெனிகள் வரும் நாட்களோடு மோதும். நம் ஊர்க்காரர்கள் குழுவில் இருந்தால் பார்த்ததும் புரிந்துகொள்வார்கள். புனேயிலிருந்தோ டெல்லியிலிருந்தோ வீடியோவில் பேசுகிறவருக்குப் புரியும் என்று சொல்ல முடியாது. விரதத்தைக் குறைக்கச் சொல்ல நான் யார்? கல்லூரி வேலைவாய்ப்பு அதிகாரியிடம் முதலிலேயே சொல்லி, கம்பெனிக்கும் தெரிவிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் இந்த ஒரு வருடம் மட்டும், தேர்வு முடிந்த பிறகு மாலை போடலாமா என்று குருசாமியிடம் கேட்டுப் பாருங்கள்.

திருநீறு, சந்தனம் சின்னதாக இருந்தால் ஒன்றும் ஆகாது. கையில் நான்கைந்து நிறத்தில் சாயம் போன கயிறுகள் கட்டியிருந்தால், சாமிக் கயிறு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடச் சொல்லலாம். தாடி வைத்திருந்தால் தவறில்லை, ஓரம் திருத்தியிருக்க வேண்டும். சென்ட் அடிப்பதைவிடக் குளித்துவிட்டுப் போவது மேல்.

உங்கள் மகன் மெக்கானிக்கல் என்பதால் இன்னொன்று. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலைகள் நேரில் கூப்பிட்டால், பேசி முடித்ததும் உள்ளே ஒரு சுற்று அழைத்துப் போகலாம். ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் டை ஆபத்து. தொங்குகிற எதுவும் ஆபத்துதான். அங்கே டை இல்லாமல், தரையில் வழுக்காத ஷூவோடு போகட்டும். வேலை கிடைத்தால் பல ஆலைகளில் யூனிஃபார்ம் அவர்களே கொடுத்துவிடுவார்கள். அதனால் ஆர்டர் வந்த சந்தோஷத்தில் ஆறு ஃபார்மல் சட்டை எடுத்துவிடாதீர்கள். முதல் வாரம் இதே சட்டையோடு இன்னொன்றை மாற்றி மாற்றிப் போட்டு, மற்றவர்கள் என்ன போட்டு வருகிறார்கள் என்று பார்க்கட்டும். அப்புறம் அவன் சம்பளத்திலேயே எடுத்துக்கொள்வான்.

சட்டையை மட்டும் இந்த மாதமே வாங்கிவிடுங்கள். ஒரு தடவை துவைத்துக் காயவைத்த பிறகு தையல்காரரிடம் கொடுங்கள். பருத்தி முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கும், அதற்கு முன்பே பிடித்துத் தைத்தால் கை ஏறிவிடும்.