ரயில் விட்டுவைத்த வயல் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் புளியரை, வேலை புனலூரில். திருநெல்வேலி–கொல்லம் ரயில் பாதை வந்த கதையைக் கொஞ்ச நாளாகப் படித்துவருகிறேன். திருவிதாங்கூர் திவானும், அங்கே பிரிட்டிஷாரின் பிரதிநிதியாக இருந்த ரெசிடென்டும், மதராஸ் சர்க்காரும் மாறி மாறி எழுதிக்கொண்ட கடிதங்களில் சிலவும் கிடைத்தன. கேஜ் (தண்டவாள அகலம்), வட்டி உத்தரவாதம், கணவாயில் ஏற்றம், ரயில் நிலத்தில் யாருடைய சட்டம் செல்லும் என்பதெல்லாம் பக்கம் பக்கமாக வருகிறது. நிலத்தைப் பறிகொடுத்த குடியானவனைப் பற்றி ஒரு வரி இல்லை. ‘தாத்தாவுக்குத் தாத்தாவோட வயல ஒத்தப் பைசா தராம ரயிலுக்கு எடுத்துக்கிட்டான்’ என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அது உண்மையாக இருக்குமா? வெள்ளைக்காரனைவிட மகாராஜா குடிகளிடம் இரக்கமாகத்தானே நடந்திருப்பார்? 2013 நிலம் எடுப்புச் சட்டப்படி இப்போது ஏதாவது கேட்க வழியுண்டா? இந்தப் பாதையில் உள்ள பதிமூன்று கண் பாலத்தைக் கட்டியவர்களின் திறமையைப் பற்றியும் நீங்கள் எழுத வேண்டும்.

ம., புனலூர்

அன்புள்ள தம்பி,

கடைசியிலிருந்து வருகிறேன். பாலம் அழகுதான். ஊர்ப்பட்ட பேர் அதன் முன்னால் நின்று செல்பி எடுத்தாயிற்று, நான் வேறு எழுத வேண்டாம். 2013 சட்டம் அமலுக்கு வந்தது 2014 ஜனவரி 1. அதற்கு முந்தைய 1894 நிலம் எடுப்புச் சட்டத்தின் கீழ் ஆரம்பித்து முடியாமல் கிடந்த சில விவகாரங்களுக்குத்தான் அதில் பின்னோக்கி இடம் உண்டு. கொல்லம் ஆண்டு (மலையாள வருடம்) போட்ட திருவிதாங்கூர் காலத்துக் காரியத்துக்குக் கிடையாது. உண்டு என்று எந்த வக்கீலாவது சொன்னால் பீஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். மகாராஜாவின் இரக்கத்தைப் பற்றி என்ன சொல்ல? அன்றைய மகாராஜா மூலம் திருநாள் நல்லவராகவே இருக்கட்டும். வயலை அளக்கச் சங்கிலி பிடிக்க வந்தவர் அவர் இல்லையே, கிராமத்து வரி அதிகாரியான பார்வத்தியக்காரர்தானே!

ஒத்தப் பைசா விஷயத்துக்கு வருகிறேன். 1849இல் போட்ட முதல் ஒப்பந்தங்களிலிருந்தே ரயில் கம்பெனிகளுக்கு நிலத்தை அரசு இலவசமாகக் கொடுத்தது. முதலுக்கு ஐந்து சதவீத வட்டிக்கும் உத்தரவாதம் தந்தது. லண்டனில் பங்கு வாங்கியவன் நிம்மதியாகத் தூங்கினான். அந்த இலவசம் அரசுக்கும் கம்பெனிக்கும் நடுவில் உள்ளது. அரசு குடியானவனுக்கு என்ன கொடுத்தது என்பது வேறு கணக்கு, வேறு புத்தகம். அதைத் திவான் கடிதத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ரெசிடென்டுக்கு எழுதும் திவான், புளியரையில் யார் வயல் எத்தனை மரக்கால் விதைப்பாடு (எத்தனை மரக்கால் விதை விதைக்கிற அளவு) என்றா எழுதுவார்? கடிதத்தில் ஆள் இல்லை என்றதும் உங்களுக்குக் கண் கலங்கியிருக்கிறது. கலங்குவதற்கு முன் சரியான காகிதக் கட்டைத் திறந்தோமா என்று பார்த்திருக்கலாம்.

அன்றைக்குச் செங்கோட்டையும் உங்கள் புளியரையும் திருவிதாங்கூர். இது உங்களுக்குத் தெரியும், ஆனால் மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். பிரிட்டிஷ் ஆண்ட தென்காசிப் பக்கம் பாதைக்கு நிலம் எடுத்தபோது 1894ஆம் வருடச் சட்டம் இருந்தது. நோட்டீஸ் உண்டு, சந்தை விலை உண்டு, கட்டாயமாகப் பிடுங்குவதற்காக விலைக்கு மேல் 15 சதவீதம் உண்டு, விலை போதாது என்றால் கோர்ட்டுக்குப் போகலாம். எல்லை தாண்டிச் செங்கோட்டைக்குள் வந்தால் அந்தச் சட்டம் செல்லாது, மகாராஜாவின் உத்தரவுதான். சம்பந்தம் செய்துகொண்டு, ஒரே சந்தைக்குப் போய் வந்த சனங்களுக்கு இரண்டு ராஜ்யம், இரண்டு சட்டம். ரயில் வந்தபோது இன்னொன்றும் நடந்தது. தண்டவாளம் போன அந்த நாடா அகல நிலத்தின் மேல் இருந்த அதிகாரத்தைத் திருவிதாங்கூர் பிரிட்டிஷாருக்கு விட்டுக்கொடுத்தது. புளியரைக்காரன் தன் வயலின் ஒரு துண்டில் மகாராஜா பிரஜை. ரயில் கரைமேல் ஏறி நின்றால் வெள்ளைக்காரன் போலீஸ் கேட்கும். அந்தப் பக்கம் இறங்கினால் திரும்பவும் மகாராஜா பிரஜை. நீங்கள் படித்த கடிதங்களில் ‘யாருடைய சட்டம் செல்லும்’ என்று பக்கம் பக்கமாக ஓடுவது இதுதான். அதைச் சலிப்போடு தள்ளியிருக்கிறீர்கள். உங்கள் தாத்தாவுக்குத் தாத்தா அந்தப் பக்கங்களில்தான் நிற்கிறார், பெயர் இல்லாமல்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் யோசித்துக்கொண்டிருந்தது இதைப் பற்றித்தான், ஆனால் வேறு முனையிலிருந்து. எடுத்த நிலத்துக்கு எவ்வளவு கொடுத்தான் என்று எல்லோரும் கேட்கிறோம். எடுக்காமல் விட்டுப்போன நிலத்துக்கு என்ன ஆயிற்று?

எங்கள் பெரியப்பாவின் வயலைப் பாதை குறுக்குவாட்டில் வெட்டியிருந்தது. சதுரமாக இருந்த வயலில் கரைக்கு மேலே ஒரு முக்கோணம், கீழே ஒரு முக்கோணம். முக்கோண வயலில் ஏர் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? கூர்முனையில் மாடு திரும்பாது. திருப்பினால் பக்கத்து வயல் வரப்பு போய்விடும், சண்டை. அதனால் ஒவ்வொரு பூவுக்கும் (போகத்துக்கும்) அந்த மூலைகளை மண்வெட்டியால்தான் கொத்த வேண்டும். கார் சாகுபடியானாலும் பிசான சாகுபடியானாலும் ஏர்க்கூலிக்கு மேல் மண்வெட்டிக் கூலி. மேல் துண்டில் உழுது முடித்துக் கீழ்த் துண்டுக்கு வரலாம் என்றால் மாடு ஜல்லியில் கால் வைக்காது. குளம்பு நோகும் என்பது ஒன்று, தண்டவாளம் வெயிலில் மினுங்குவதைப் பார்த்து மிரளும் என்பது இன்னொன்று. ரயில்வே கேட் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், சுற்றிக்கொண்டு வர வேண்டும். மனுசர் அப்படிச் சுற்ற மாட்டார்கள். பெரியம்மை கஞ்சிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு குறுக்கே ஏறித்தான் வருவாள். அதற்குக் கேட்காரர் சத்தம் போடுவார். அவள் பதிலுக்கு, ‘எங்க மாமனாரு வயல்ல நின்னுக்கிட்டு என்னையே வெரட்டுதியா?’ என்பாள்.

இதைவிடப் பெரிய சங்கடம் தண்ணீர். பழைய வாய்க்கால் வயலின் நடுவில் போனது. கரைக்கு அடியில் தண்ணீர் போக எஞ்சினியர் பாலம் வைத்தது அவருக்குத் தோதான இடத்தில். அதனால் மேல் துண்டில் வந்த தண்ணீர் கரையை முட்டி நின்று, கரையோரமாகவே நடந்து, அடுத்தவர் வயல் வழியாகப் பாலத்தைப் பிடித்து, அந்தப் பக்கம் போய் மறுபடி திரும்பி வந்தால்தான் கீழ்த் துண்டு நனையும். ஐப்பசி மழையில் மேல் துண்டு குளம், பயிர் அழுகும். பங்குனியில் கீழ்த் துண்டு வெடிப்பு விழும். நடுவில் வழிவிட வேண்டிய அடுத்த வயல்காரரோடு எங்கள் குடும்பத்துக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. கல்யாணத்துக்குக்கூடச் சொல்லிக்கொள்வதில்லை. ஏன் பகை என்று கேட்டால் இரண்டு வீட்டிலும் பொம்பளை சமாச்சாரம், நகை சமாச்சாரம் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எனக்குத் தெரிந்து அது அந்தப் பாலத்தின் சமாச்சாரம். எந்த ரயில்வே ஃபைலிலும் இது ஏறாது.

சட்டத்துக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டேன். 1894 சட்டத்தின் 23ஆம் பிரிவிலேயே, நிலத்தைத் துண்டாடுவதால் மிச்ச நிலத்துக்கு வரும் நஷ்டத்தையும் கணக்கில் சேர்க்கச் சொல்லியிருக்கிறது. ஆனால் 49ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள் தம்பி. வீட்டிலோ ஆலையிலோ ஒரு பகுதியை மட்டும் எடுக்க வந்தால், ‘எடுக்கிறதானால் முழுசா எடு’ என்று உடமைக்காரன் சொல்லலாம். வயலுக்கு அந்த உரிமை இல்லை. துண்டாடிய நஷ்டத்துக்கு ஒருத்தன் அநியாயமாகக் கேட்கிறான் என்று சர்க்காருக்குத் தோன்றினால், சர்க்கார் வேண்டுமானால் முழு நிலத்தையும் எடுத்துக்கொள்ளலாம். முக்கோணத்தை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவன், ‘இதையும் நீயே கொண்டு போ’ என்று சொல்ல முடியாது. இது பிரிட்டிஷ் பக்கத்துக் கதை, சட்டப் புத்தகம் கையில் இருந்தவனின் கதி. திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தவனுக்கு அந்தப் புத்தகமும் கிடையாது.

உங்கள் வீட்டில் சொல்வதை இப்படித்தான் எடுத்துக்கொள்வேன். எடுத்த வயலுக்கு ஏதோ ஒரு தொகை கைமாறியிருக்கலாம். நாலு தலைமுறையாக வலித்தது அந்த வயல் இல்லை, கூடவே கிடந்த மிச்சம். அதற்கு ஒருவரும் ஒன்றும் தரவில்லை. அதைத்தான் உங்கள் வீட்டார் ‘ஒத்தப் பைசா’ என்கிறார்களோ என்னவோ. கேரளத்தின் அதிவேக ரயில் திட்டமான கே-ரயிலுக்கு எல்லை குறித்து மஞ்சள் கல் நட்டபோது 2022இல் மலையாளத்துப் பெண்கள் அதைப் பிடுங்கி எறிந்தார்களே, டிவி பேச்சாளர்கள் அவர்களிடம் நஷ்ட ஈட்டுத் தொகையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ‘என் வீட்டுக்கும் என் கிணற்றுக்கும் நடுவில் மதில் வருமே’ என்று கேட்டவளுக்குத் தொகையைச் சொல்வது பதிலா? அந்தக் காட்சியைப் பார்த்து எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. உங்கள்மேல் கொஞ்சம் தெறித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாதை கொல்லம் 1080 கார்த்திகையில், 1904 நவம்பர் 26 அன்று, புனலூர்–செங்கோட்டை பகுதி திறந்ததோடு முழுமையானது. செங்கோட்டை மதராஸோடு சேர்ந்தது 1956இல். அதற்கு முந்தின ரெவின்யூ காகிதத்தை சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். திருவனந்தபுரத்துக்குப் போங்கள், புனலூரிலிருந்து பஸ்ஸே இருக்கிறது. போவதற்கு முன்னால் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பழைய ஆதாரத்தில் (நிலப் பத்திரத்தில்) நான்கெல்லையைப் பாருங்கள். எந்த வருடத்திலிருந்து ஒரு எல்லை ‘ரயில் கரை’ என்று வருகிறதோ அங்கே ஒரு குறி போடுங்கள். பிறகு உங்கள் மாமாவையோ சித்தப்பாவையோ கூட்டிக்கொண்டு வயலுக்குப் போய், கரைக்கு மேலே எத்தனை மரக்கால், கீழே எத்தனை, மடை எந்தப் பக்கம், தண்ணீர் யார் வயல் வழியாகச் சுற்றி வருகிறது என்று எழுதி அனுப்புங்கள். அந்த வயல்காரரோடு உங்கள் வீட்டுக்குப் பேச்சு உண்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். திவான் கடிதத்தின் நகல் இப்போதைக்கு வேண்டாம்.