ஆற்றுக் குருடு: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

எங்கள் தெருப் பையன் ஒருவன் மேற்கு ஆப்பிரிக்கா பக்கம் கப்பல் வேலைக்குக் கிளம்புகிறான். அங்கே ஆற்றில் இறங்கினால் கண் போய்விடுமாமே என்று அவன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். கானாவின் வடக்கில் மூன்று வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்தவன் நான், அதனால்தான் என்னிடம் வந்தார். அவருக்குச் சொன்னது தண்டையார்பேட்டை முழுக்கப் பரவி, ஆளாளுக்குக் கேள்வி அனுப்புகிறீர்கள். சரி, ஒவ்வொன்றாக வருவோம்.

தம்பி, என் பையன் ஆற்றில் குளித்தால் கண்ணுக்கு ஆபத்தா? (பையனின் அம்மா)

குளிப்பதால் இல்லை அக்கா. தண்ணீரில் கிருமி கிடையாது. ஆற்றுக் குருடு என்பது ஒரு புழுவால் வரும் நோய், அதைப் பரப்புவது ஆற்றோரம் பறக்கும் கருப்பு ஈதான். நம் வீட்டு ஈயைவிடச் சின்னது, முதுகு கூன் போட்டிருக்கும், பகலில்தான் கடிக்கும், பெரும்பாலும் முட்டிக்குக் கீழே. கொசு மாதிரி ஊசி போடாது, தோலைக் கீறி, ஊறும் ரத்தத்தை நக்கும். நோயாளியைக் கடிக்கும்போது குட்டிப் புழு ஈக்குள் போகும், ஒரு வாரத்துக்கு மேல் அங்கே வளரும், அப்புறம் அதே ஈ இன்னொருவரைக் கடிக்கும்போது அவருக்குள் இறங்கும். ஒரு கடி, இரண்டு கடியில் கண் போகாது. வருடக்கணக்கில் ஆற்றங்கரையில் உழுது, துணி துவைத்து, மீன் பிடித்து, ஆயிரக்கணக்கில் கடி வாங்குகிறவர்களுக்குத்தான் பார்வை போகும் அளவுக்கு முற்றும். உங்கள் பையன் கடலில் இருக்கப் போகிறவன். இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

மெட்ராஸ் ஐ மாதிரி பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமா அண்ணே?

மெட்ராஸ் ஐயே பார்த்தால் ஒட்டாது தம்பி, தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால்தான். இது தொட்டாலும் ஒட்டாது.

கொருக்குப்பேட்டையில் கால்வாய் ஓரத்தில் குடியிருக்கிறோம். அந்த ஈ இங்கே வந்தால்?

வந்தால் அதுதான் சாகும். நம் கொசுவுக்குத் தேங்கின சாக்கடை வேண்டும், பக்கிங்காம் கால்வாய் அதற்கு மாமியார் வீட்டு விருந்து. கருப்பு ஈயின் முட்டையிலிருந்து வரும் புழு (நோய்ப் புழு இல்லை, ஈயின் குஞ்சு) நேர் எதிர். பாறையில் மோதி நுரை தள்ளி ஓடும் தண்ணீரில், கல்லையும் செடியையும் பிடித்துத் தொங்கிக்கொண்டு, ஓட்டத்தில் வருவதை வடிகட்டித் தின்னும். தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய வேண்டும். அதனால்தான் அங்கே ஊரிலேயே அழகான இடமாகப் பாறையும் அருவியுமாக இருக்கும் ஆற்று வளைவுதான் கொடுமையான இடம். அணையின் மதகு வழியாகத் தண்ணீர் கொட்டும் இடத்திலும் பெருகும்.

மாநகராட்சி ஆட்கள் நம் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போகும் அபேட் மருந்து தெரியுமே? டெமிஃபாஸ். 1974இல் மேற்கு ஆப்பிரிக்காவில் இந்த நோயை ஒழிக்கத் தொடங்கியபோது அதே மருந்தைத்தான் ஹெலிகாப்டரில் ஆறு ஆறாக, வாரம் தவறாமல் ஊற்றினார்கள். ஏன் இத்தனை வருடம் என்றால், ஈ காற்றோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வரும். ஒரு ஆற்றைச் சுத்தம் செய்தால் பக்கத்து நாட்டிலிருந்து வந்துவிடும். கடைசியில் 11 நாடுகள் சேர்ந்து 2002 வரை செய்தன. சுமார் 6 லட்சம் பேருக்குக் கண் தப்பியது. ஈக்குப் பயந்து ஜனங்கள் விட்டு ஓடிய கரையோர நிலம், நல்ல வண்டல் மண், 2.5 கோடி ஹெக்டேர் அளவுக்கு மறுபடி பயிருக்கு வந்தது.

காலில் கடித்தால் கண் எப்படிப் போகிறது?

நல்ல கேள்வி. வளர்ந்த பெண் புழு அரை மீட்டர் வரை நீளும், நூல் மாதிரி. தோலுக்கடியில் சுருண்டு முடிச்சாக உட்காரும், இடுப்பெலும்பு மேலே தொட்டுப் பார்த்தால் நெல்லிக்காய் மாதிரி கையில் உருளும். அங்கேயே 10, 15 வருடம் உயிரோடு இருந்துகொண்டு, தினமும் ஆயிரம் அளவில் குட்டி போடும். அந்தக் குட்டிகள் தோல் முழுக்க ஊர்ந்து திரியும், சில கண்ணுக்கும் போகும். உயிரோடு இருக்கும்வரை பெரிய தொந்தரவில்லை, செத்தால்தான் வம்பு. செத்த புழுவையும் அதற்குள் குடியிருக்கும் வால்பாக்கியா என்ற பாக்டீரியாவையும் உடம்பு எதிர்க்கும்போது அழற்சி வரும், கருவிழி கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துத் தழும்பாகும்.

கண்ணுக்கு முன்னாலேயே அரிப்பு வந்துவிடும். ஒரு பெரியவர் உடைந்த பானை ஓட்டை இடுப்பிலேயே செருகி வைத்திருந்தார், சொறிய. பேசிக்கொண்டே சொறிவார், முழங்காலுக்குக் கீழே தோல் சிறுத்தை மாதிரி வெள்ளைத் திட்டாகியிருந்தது. தூங்கி எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டால் சிரிப்பார். கண் போவதை மட்டும் எல்லாரும் பேசுகிறார்கள், இந்த அரிப்பை யாரும் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

எங்கள் சின்ன வயதில் யானைக்காலுக்கு ராத்திரி வந்து ரத்தம் எடுப்பார்கள். இதற்கும் அப்படியா? (பழைய வண்ணாரப்பேட்டை)

ஞாபகம் இருக்கிறது சார், தூங்குகிற பிள்ளையை எழுப்பி விரலில் குத்துவார்கள். யானைக்கால் புழு ராத்திரிதான் ரத்தத்தில் உலாவும். ஆற்றுக் குருட்டுப் புழு ரத்தத்தில் இல்லை, தோலில். இடுப்புப் பக்கம் அரிசியில் பாதி அளவுக்குத் தோலைக் கிள்ளி எடுத்து உப்புத் தண்ணீரில் போட்டுக் காத்திருப்போம். கொஞ்ச நேரத்தில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் துணுக்கின் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக நெளிந்து வெளியே நீந்தும். முதல் நாள் பார்த்தபோது எனக்கே உடம்பு அரித்தது.

அப்போ நம் யானைக்கால் மாத்திரையையே கொடுத்தால் என்ன?

கொடுக்கவே கூடாது. நம் டி.இ.சி. மாத்திரை தோலிலும் கண்ணிலும் இருக்கும் குட்டிகளை ஒரே நேரத்தில் கொல்லும், கடுமையான எதிர்விளைவு வந்து இருக்கிற பார்வையும் போகலாம். இங்கே ஆற்றுக் குருடு இல்லாததால்தான் நாம் அதைத் தைரியமாக விழுங்குகிறோம்.

ஐவர்மெக்டின்தானே மருந்து? கொரோனா நேரத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் போட்டோமே, நாய்க்கும் கொடுக்கிறார்கள்.

கொரோனாவுக்கு அது வேலை செய்யவில்லை. இதற்கு வேலை செய்யும். ஜப்பானில் சதோஷி ஓமுரா ஒரு கோல்ஃப் மைதானத்துப் பக்கம் எடுத்த மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து வந்தது, வில்லியம் கேம்பல் அதை மருந்தாக்க வழிசெய்தார், இருவருக்கும் 2015இல் நோபல். ஆரம்பத்தில் மாட்டு மருந்துதான். ஒரே குறை, அது குட்டிகளைக் கொல்லும், முடிச்சில் இருக்கும் தாயைக் கொல்லாது. தாய் கொஞ்ச மாதம் ஓய்ந்திருந்துவிட்டு மறுபடி குட்டி போடும். ஆகவே தாய்ப் புழு வயதாகிச் சாகும்வரை, 10, 15 வருடம், ஊரில் நூற்றுக்கு 80 பேராவது வருடம் ஒருமுறையோ இருமுறையோ விழுங்கியாக வேண்டும்.

டாக்டர் இல்லாத ஊரில் ஊர்க்காரரே கொடுக்கிறார். எடை பார்க்கும் மெஷின் கிடையாது, கோடு போட்ட கம்புதான். பக்கத்தில் நிற்க வைத்து, தலை எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அத்தனை மாத்திரை, ஒன்றிலிருந்து நான்கு வரை. 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இல்லை. கேமரூன், காங்கோ காடுகளில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். லோவா லோவா என்ற இன்னொரு புழு உடம்பில் நிறைய இருந்தால் இந்த மருந்தே மூளையைப் பாதிக்கலாம்.

வெளிநாட்டுக் கம்பெனி இலவசமாகக் கொடுக்கிறதென்றால் ஏதோ இருக்குமே?

சந்தேகப்படுவது நல்லதுதான். மெர்க் கம்பெனி 1987இல் தேவைப்படும் வரை இலவசம் என்று அறிவித்து இன்றுவரை கொடுக்கிறது. கம்பெனிக்குப் பேர் கிடைத்தது, வாங்கக் காசில்லாதவனுக்கு மருந்து கிடைத்தது. பலனும் தெரிகிறது. கொலம்பியா 2013, ஈக்வடார் 2014, மெக்சிகோ 2015, குவாத்தமாலா 2016, ஆப்பிரிக்காவில் முதலாவதாக நைஜர் 2025 ஜனவரியில், நோய் பரவல் நின்றதாக உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. ஆனால் போன பார்வை யாருக்கும் திரும்பவில்லை.

தம்பி, கடைசியாக ஒன்று. பையன் என்னதான் எடுத்துக்கொண்டு போகணும்?

மஞ்சள் காய்ச்சல் ஊசி அக்கா. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். கிளம்புவதற்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் சான்றிதழ் செல்லாது. அப்புறம் மலேரியா மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஊசி போடப் போகும்போது பாஸ்போர்ட்டை மறக்க வேண்டாம், அங்கே கேட்பார்கள்.