எடையும் பிடியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நண்பர்களுக்குள் ஒரு தீராத வழக்கு. ஐம்பதுகளின் ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சாம்பியன் ராக்கி மார்சியானோ 49 சண்டை, 49 வெற்றி. எடை என்னவோ 185 பவுண்டுதான். இந்தக்காலத்து டைசன் ஃபியூரி 280 பவுண்டோடு ரிங்குக்குள் வருகிறார். மார்சியானோ இவரிடம் நான்கு ரவுண்டு தாங்கமாட்டார் என்கிறான் நண்பன். உக்ரைன் வீரர் உசிக் ஃபியூரியை இரண்டு முறை வென்றாரே, சிறியவரால் முடியும்தானே என்கிறேன் நான். நூறு வருடத்துக்கு முன் டெம்ப்சி அந்த ராட்சதச் சாம்பியன் வில்லார்டைச் சாய்க்கவில்லையா? அந்தக்கால ஆட்களின் நெஞ்சுரம் இன்று யாருக்கு இருக்கிறது? இன்றைய உடம்பெல்லாம் ஊசி மருந்தில் வளர்ந்ததுதானே? எல்லாக் காலத்துக்கும் முதலிடம் யாருக்கு?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலிடப் பட்டியல் போடும் விளையாட்டு எனக்கு அலுத்துவிட்டது, அதை விடுங்கள். ஊசி மருந்தில் பிடிபட்டவர்கள் உண்டு, ஆனால் ஆறடி ஒன்பது அங்குல உயரம் ஊசியில் வருவதில்லை. நெஞ்சுரம் பற்றிய கேள்வி எரிச்சலூட்டியது. 2018இல் வைல்டரின் அடியில் 12ஆவது ரவுண்டில் மல்லாந்து விழுந்த ஃபியூரி, எண்ணி முடிப்பதற்குள் எழுந்து சண்டையைத் தொடர்ந்தார். அதைப் பார்த்தவர் இப்படிக் கேட்கலாமா?

உசிக்கை எந்தக் கணக்கில் சிறியவர் என்கிறீர்கள்? ஃபியூரி பக்கத்தில் நின்றால் யாரும் சிறியவர்தான். உசிக் ஆறடி மூன்று அங்குலம், கைவீச்சு, அதாவது இரு கைகளையும் விரித்த நீளம், 78 அங்குலம். இது முகம்மது அலியின் அளவு. 2024 டிசம்பரில் ரியாதில் ஃபியூரியை இரண்டாம் முறை வென்றபோது எடை 226 பவுண்டு. மார்சியானோ ஐந்தடி பத்தரை, வீச்சு 68 அங்குலம். 1952இல் வால்காட்டிடம் பட்டம் வென்ற இரவில் 184 பவுண்டு, அதாவது 83 கிலோ சொச்சம். உசிக்கின் வெற்றி அலிக்குச் சாட்சி சொல்லும், மார்சியானோவுக்குச் சொல்லாது. அந்த 49ஐ மந்திரமாக ஓதுவதையும் நிறுத்துங்கள். அவர் வீழ்த்தியபோது முன்னாள் சாம்பியன் ஜோ லூயிஸுக்கு வயது 37, வால்காட்டுக்கு 38.

வில்லார்டும் அப்படித்தான். 1919 ஜூலை 4, டொலீடோ. டெம்ப்சி 187, வில்லார்ட் 245. முதல் ரவுண்டில் வில்லார்ட் ஏழு முறை விழுந்தார். சரி. வில்லார்டுக்கு 37 வயது, மூன்றாண்டுகளாகப் பட்டத்தைக் காக்க ரிங்கில் இறங்காதவர். அதோடு, விழுந்தவர் தலைமாட்டிலேயே டெம்ப்சி நின்றுகொண்டு, அவர் முழங்கால் நிமிர்ந்த கணத்தில் மறுபடி அடித்தார். விழவைத்தவரை, யாருக்கும் சொந்தமில்லாத நடுநிலை மூலைக்குப் போ என்று இன்று விரட்டுவார்கள். நடுவர் எட்டு எண்ணும்வரை வில்லார்டுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கும்.

அடியின் பலம் இங்கே பிரச்சினையே அல்ல. 1942இல் ஜோ லூயிஸ் 206 பவுண்டோடு 250 பவுண்டு பட்டி பேர் என்பவரை முதல் ரவுண்டில் முடித்தார். 2018இல் ஃபியூரியை இரண்டு முறை கீழே தள்ளிய வைல்டரின் எடை 212தான். சரியாகத் தாடையில் விழுந்தால் 200 பவுண்டுக்காரரின் அடி யாருக்கும் போதும்.

சிறியவர் தோற்பது பிடியில். அடிக்கவிடாமல் கட்டிப்பிடிப்பதை கிளிஞ்ச் என்கிறோமே, அதில். ஒளிபரப்பில் வர்ணனையாளர்கள் பழங்கதை பேசிக்கொண்டிருக்கும் அந்த நொடிகளில்தான் இன்றைய ஹெவிவெயிட் சண்டை தீர்மானமாகிறது. குள்ளமானவர் ஜாபுக்கு, அதாவது முன்னால் நிற்கும் கையின் நேர்குத்துக்கு, அடியில் குனிந்து உள்ளே வருகிறார். நெட்டையர் பின்வாங்குவதில்லை. இடது கையை எதிராளியின் பிடரிக்குப் பின்னால் போட்டு, வலது கையால் அவர் முழங்கையை இறுக்கி, மார்பையும் அக்குளையும் அவர் கழுத்தின்மேல் சாய்க்கிறார். குனிந்த இடுப்பும் மடங்கிய முழங்காலும் இரண்டு உடம்புகளைத் தாங்க வேண்டும். ஒரு மூட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுவது போல. ரவுண்டுக்கு ஆறேழு முறை நடந்தால், ஆறாவது ரவுண்டில் தொடை செத்துவிடும். தொடை போனால் பாய்ச்சல் போச்சு, பாய்ச்சல் இல்லாமல் 68 அங்குல வீச்சால் ஃபியூரியின் 85 அங்குல வீச்சைத் தாண்ட முடியாது. அதற்குப் பிறகு வரும் நாக்அவுட் அடியைத்தான் நாம் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறோம்.

நம்பாவிட்டால் 1987 மார்ச்சில் நடந்த டைசன்–ஸ்மித் சண்டையைப் பாருங்கள். மைக் டைசன் ஐந்தடி பத்து, 219 பவுண்டு, எதிரே நின்றவரையெல்லாம் நொறுக்கிக்கொண்டிருந்த காலம். ஜேம்ஸ் ஸ்மித் ஆறடி நான்கு, 233. ஸ்மித் செய்தது ஒன்றுதான், பிடித்தார். 12 ரவுண்டும் பிடித்தார். நடுவர் இரண்டு புள்ளி வெட்டியும் விடவில்லை. தோற்றார், ஆனால் நின்றுகொண்டு தோற்றார். 14 பவுண்டு மட்டும் கூடுதலாக உள்ளவரால், ஜெயிக்கும் எண்ணமே இல்லாமல், உச்சத்தில் இருந்த டைசனைக் கட்டிப்போட முடிந்தது. 2013இல் மாஸ்கோவில் விளாதிமிர் கிளிட்ச்கோ இதையே ஜெயிப்பதற்குப் பயன்படுத்தினார். எதிராளி பவெட்கின் உள்ளே வரும்போதெல்லாம் மேலே சாய்ந்து தரையோடு அழுத்தினார். அதற்கு நடுவர் புள்ளி வெட்டியது 11ஆவது ரவுண்டில்! அதற்குள் பவெட்கின் நான்கு முறை விழுந்தாகிவிட்டது.

ஆகவே மார்சியானோவா ஃபியூரியா என்று என்னிடம் கேட்டால், நடுவர் யார் என்றுதான் திருப்பிக் கேட்பேன். பிடிப்பதும் சாய்வதும் விதிப்படி குற்றம்தான். உடனே பிரித்து, இரண்டாம் தடவை எச்சரித்து, மூன்றாம் தடவை புள்ளி வெட்டுபவரா, அவர்களாகவே விலகட்டும் என்று கைகட்டி நிற்பவரா? இரண்டாமவர் என்றால் எடை அதிகமுள்ளவருக்குப் பாதிச் சண்டையைத் தானமாகக் கொடுத்தாயிற்று.

சிறியவருக்கு வழியே இல்லையா என்றால் உண்டு. இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தாழ வேண்டும், அப்போதுதான் பிடரி அகப்படாது. தலையை எதிராளியின் மார்பில் ஊன்றி, ஒரு கையையாவது விடுவித்து வைத்து, நடுவர் பிரிக்கும்வரை விலாவில் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மார்சியானோ இதில் கெட்டிக்காரர், கிடைத்த இடத்தில் அடிப்பார், கையானாலும் தோளானாலும். வெளியேறும்போது நேர் பின்னால் போகவே கூடாது, நெட்டையரின் வலது கை முழு நீளத்தில் வந்து விழும். பக்கவாட்டில் சுழல வேண்டும். உசிக் இடக்கையர். முன்காலை எதிராளியின் முன்காலுக்கு வெளியே வைத்துத் தன் வலப்பக்கமாகவே நகர்வார். வயிற்றுக்கு ஜாப், தலைக்கு இடது கை, பிடி விழும்முன் அங்கே ஆள் இல்லை. 2024 மே மாதம் நடந்த முதல் சண்டையின் ஒன்பதாவது ரவுண்டில் ரிங்கின் கயிறு தாங்காவிட்டால் ஃபியூரி தரையில் கிடந்திருப்பார். இந்தக் காலாட்டம் மார்சியானோவிடம் கிடையாது. அவர் நேராக வருபவர்.

இன்னொன்று, அந்தக்காலப் பட்டச் சண்டைகளின் 15 ரவுண்டு. வால்காட்டோடு நடந்த 1952 சண்டையில் மூன்று நடுவர்களின் புள்ளி அட்டைகளிலும் பின்தங்கியிருந்த மார்சியானோ, 13ஆவது ரவுண்டில் ஒரே வலது கையில் முடித்தார். 1941இல் லூயிஸை 12 ரவுண்டு வரை முந்திக்கொண்டிருந்த பில்லி கானும் 13இல்தான் விழுந்தார். இன்றைய 12 ரவுண்டு விதிப்படி வால்காட்டும் கானும் சாம்பியன்கள்.

உங்கள் வழக்குக்கு வருகிறேன். 12 ரவுண்டு, பிடியைப் பொறுத்துக்கொள்ளும் நடுவர் என்றால் உங்கள் நண்பர் பக்கம்தான் தீர்ப்பு. ஆனால் நான்கு ரவுண்டு என்பது அபாண்டம். மார்சியானோ தன் தொழில்முறை வாழ்க்கையில் விழுந்தது இரண்டே முறை. எட்டு, ஒன்பது வரை இழுப்பார். 15 ரவுண்டு, கறாரான நடுவர் என்றாலும் ஃபியூரியே புள்ளிகளில் முந்துவார், ஆனால் கடைசி மூன்று ரவுண்டும் அவர் தரப்பு மூலையில் யாருக்கும் நிம்மதி இருக்காது.

நியாயமாக நீங்கள் ஜோ லூயிஸைக் கேட்டிருக்க வேண்டும். ஆறடி ஒன்றரை, 200 பவுண்டு, பிடிக்க நேரமே தராத குட்டை அடிகள். அடுத்த கடிதத்தில் கேளுங்கள். அதற்குமுன் டைசன்–ஸ்மித் சண்டையை ஒலியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பிடியும் எத்தனை நொடி நீடிக்கிறது என்று எண்ணியபடி 12 ரவுண்டும் பாருங்கள். அலுப்பாகத்தான் இருக்கும்.