பழைய டாட்டா பிளே டிஷ்ஷை டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்குத் திருப்புவது எப்படி?

கேள்வி: தாம்பரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் டாட்டா பிளே டிஷ் சும்மா நிற்கிறது. சந்தாவை நிறுத்திவிட்டோம். மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் பார்க்கலாமே என்று எம்பெக்-4 செட்டாப் பாக்ஸ் வாங்கி அதே கேபிளில் மாட்டினேன். சிக்னல் 85 காட்டுகிறது, குவாலிட்டி 0. ஒரு சேனலும் வரவில்லை. பாக்ஸ் பழுதா?

பதில்: பாக்ஸ் மேல் தப்பில்லை. உங்கள் டிஷ் இன்னும் டாட்டா பிளேயின் செயற்கைக்கோள் இருக்கும் 83 டிகிரி கிழக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 வழியாக.

முதலில் அந்த 85-ஐ மறந்துவிடுங்கள். எல்என்பிக்கு (டிஷ்ஷின் முன்னால் கம்பி நுனியில் இருக்கும் சிக்னல் வாங்கி) மின்சாரம் போகிறது, கேபிள் அறுபடவில்லை என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. எல்என்பியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாலும் அது உண்டாக்கும் இரைச்சலையே பாக்ஸ் சிக்னல் என்று காட்டும். சேனல் வருவதும் வராததும் குவாலிட்டியைப் பொறுத்தது. கடைசிவரை அதை மட்டும் பார்த்து வேலை செய்யுங்கள்.

மாடிக்குப் போகுமுன் எல்என்பியின் லேபிளில் 9.75 / 10.6 என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் யூனிவர்சல் கேயூ பேண்ட் எல்என்பி ஒன்று வாங்கிவிடுங்கள், விலை சில நூறு ரூபாய்தான். பாக்ஸ் மெனுவில் எல்என்பி அலைவரிசை 9750-10600, 22கே ஆஃப், டைசெக் ஆஃப். டிரான்ஸ்பாண்டர் 11090, போலரைசேஷன் வி, சிம்பல் ரேட் 29500. இந்தத் திரையைத் திறந்து வைத்துவிட்டுத்தான் டிஷ்ஷைத் தொட வேண்டும். மாடியிலிருந்து டிவி தெரியாது என்பதால், போனில் வீடியோ கால் போட்டுத் திரையை யாராவது காட்டிக்கொண்டிருந்தால் போதும்.

சென்னைப் பகுதியில் 83 டிகிரி செயற்கைக்கோள் வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் 168 டிகிரி திசையில், அடிவானத்திலிருந்து 74 டிகிரி உயரத்தில் இருக்கிறது. ஜிசாட்-15 இருப்பது 134 டிகிரி திசையில், 68 டிகிரி உயரத்தில். ஆக, டிஷ்ஷின் பின்னால் நின்று அது பார்க்கும் பக்கம் பார்த்தால், இடது கைப்பக்கம் 34 டிகிரி திருப்பி 6 டிகிரி கீழே இறக்க வேண்டும். (மதுரையில் ஜிசாட்-15 திசை 122, உயரம் 69, கோவையில் 123, 67, நாகர்கோவிலில் 116, 69.)

திருப்புவதற்குத் திசைகாட்டி வேண்டியதில்லை. இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் போன் திசைகாட்டி பொய்தான் சொல்லும். கிளாம்ப் இப்போது நிற்கும் இடத்தில் கம்பத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். நூலால் கம்பத்தின் சுற்றளவை அளந்து, அதில் பத்தில் ஒரு பங்கு தள்ளி, டிஷ்ஷை இடப்பக்கம் திருப்பினால் கிளாம்ப் நகரும் பக்கமாக இன்னொரு கோடு. கிளாம்ப் அந்தக் கோட்டுக்கு வரும்வரை திருப்புங்கள். 34 டிகிரி கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

உயரக் கோணத்துக்கு, போனில் சாய்வு அளக்கும் செயலியைத் திறந்து, டிஷ் விளிம்பின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் குறுக்கே ஒரு நேரான சட்டத்தை நிறுத்தி அதன்மேல் போனை வைத்துப் படியுங்கள். வரும் எண் எதுவானாலும் சரி, சட்டம் செங்குத்தை நோக்கி 6 டிகிரி நிமிரும்வரை டிஷ்ஷை இறக்குங்கள். டிஷ் போதிய உயரம் பார்க்காததுபோலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இது ஆஃப்செட் டிஷ். செங்குத்தாக நிறுத்தினாலே ஏறக்குறைய 25 டிகிரி மேலே பார்க்கும்.

நம் ஊரில் பலரும் சறுக்குவது இந்த உயரக் கோணத்தில்தான். இடவலமாக அரை மணி நேரம் ஆட்டிக்கொண்டிருப்பார்கள், மேல்கீழைத் தொடவே மாட்டார்கள். செயற்கைக்கோள் ஏறக்குறைய உச்சிக்குப் பக்கத்தில் இருப்பதால், இடவலமாக ஒரு டிகிரி திருப்பினால் வானத்தில் பார்வை நகர்வது 0.4 டிகிரிகூட இல்லை. மேல்கீழாக ஒரு டிகிரி என்றால் முழு ஒரு டிகிரி. 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலமே 3 டிகிரிதான். அதனால் உயரத்தை 6 டிகிரி இறக்கிய அந்த இடத்திலேயே நிறுத்தி, இரண்டாவது கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 15 டிகிரி வரை மெதுவாகத் திருப்புங்கள். கிடைக்கவில்லையா? ஒரு டிகிரி ஏற்றி மறுபடி அதே போல, பிறகு ஒரு டிகிரி இறக்கி. ஒவ்வொரு அசைவுக்கும் மூன்று வினாடி பொறுங்கள், பாக்ஸ் தாமதமாகத்தான் காட்டும். கம்பம் செங்குத்தாக இல்லாவிட்டால் திருப்பத் திருப்ப உயரமும் மாறிக்கொண்டே போகும். ரசமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துச் சரிபார்த்துவிட்டே தொடங்குங்கள்.

குவாலிட்டி எழுந்ததும் அப்படியே முறுக்கிவிடாதீர்கள். ஒரு பக்கம் விழும்வரை, மறுபக்கம் விழும்வரை நகர்த்தி, இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். அடுத்து எல்என்பியை அதன் பிடிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி உச்சத்தைப் பிடியுங்கள். 83 டிகிரிக்கு வைத்த சுழற்சி இதற்குப் பொருந்தாது. நட்டுகளை மாற்றி மாற்றி அரைச் சுற்றாக இறுக்குங்கள், ஒரே பக்கத்தை இறுக்கினால் டிஷ் இழுபடும். பிறகு 11170 வி 29500-லும் குவாலிட்டி வருகிறதா பார்த்துவிட்டு ஸ்கேன் கொடுங்கள். டிடி தமிழ் வரும். கட்டணச் சேனல்களை இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

இவ்வளவு செய்தும் 0 என்றால் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுச் செம்புக் கம்பி கனெக்டர் விளிம்பைத் தாண்டி 2-3 மி.மீ. பளபளப்பாக நீண்டிருக்க வேண்டும். பின்னல் கம்பியின் ஒரே ஒரு இழை அதைத் தொட்டால் போதும், எல்என்பிக்குப் போகும் மின்சாரம் ஷார்ட் ஆகிவிடும். கம்பி பச்சை பூத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஒரு சாண் வெட்டிப் புதுக் கனெக்டர் போடுங்கள், பச்சை தொடர்ந்தால் கேபிளையே மாற்றுங்கள். ஆர்ஜி-6 தான் வேண்டும், பழைய கேபிள் டிவி மெல்லிய ஒயர் இந்த அலைவரிசையைப் பாதி வழியிலேயே தின்றுவிடும். எல்என்பிக்குக் கீழே கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் மழைநீர் கனெக்டருக்குள் ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும். எல்என்பியின் முன்மூடி வெயிலில் வெடித்திருந்தால் ஐப்பசி மழை வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

மறைப்பு பற்றி அதிகம் கவலை வேண்டாம். நான்கு மீட்டர் தள்ளி ஒரு தடை இருந்தால், அது டிஷ்ஷைவிடப் பத்து மீட்டர் உயரமாக இருந்தால்தான் குறுக்கே வரும். ஒட்டி நிற்கும் தென்னை மட்டும்தான் வில்லன். காற்றடிக்கும்போது மட்டும் படம் உறைந்தால் மட்டையைச் சந்தேகியுங்கள். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், காலை 11 மணி வாக்கில் சில நிமிடம் படம் போய்த் தானே திரும்பும். சூரியன் அப்போது செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருகிறது. அந்த நேரத்தில் ஸ்பேனரை எடுக்காதீர்கள். அந்தச் சில நிமிடங்களில் டிஷ்மேல் மட்டை நிழல் விழுந்தால், வெட்ட வேண்டிய மட்டை அதுதான்.