விண்வெளித் தோட்டத்துக்கு ஒரு விசிறி

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஐந்து வயது. விண்வெளி வீரர்கள் மிதப்பதைக் காணொளியில் பார்த்ததிலிருந்து அங்கே தோட்டம் போடுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் அங்கே உருண்டையாக மிதப்பதால், ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் ஒரு விதையை வைத்துவிட்டால் தொட்டியே வேண்டாமாம். செடிக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாதாம். ஒரு பக்கம் விளக்கை மாட்டி "இதுதான் வானம்" என்று சொல்லிவிட வேண்டுமாம். செடிக்குப் புழுங்குமாம், விசிறியும் வேண்டுமாம். தவறான எண்ணங்களை இப்போதே திருத்திவிடு என்கிறார் என் அண்ணன். திருத்தத்தான் வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

திருத்துவதற்கு முன், அவள் சொன்னதில் எது தவறு என்று பார்த்துவிடுவோம்.

விசிறியைக் கேட்டதும் நான் வியந்துபோனேன். பூமியில் சூடான காற்று மேலெழுந்து குளிர்ந்த காற்று கீழிறங்குவதால், அடைத்த அறையிலும் இலையைச் சுற்றிக் காற்று மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். எடையற்ற நிலையில் அந்த ஏற்றமும் இறக்கமும் இல்லை. இலை விடும் ஈரம் இலையருகிலேயே தேங்கிவிடுகிறது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2015 இறுதியில் வளர்த்த சின்னியா என்னும் பூச்செடிகளுக்கு நேர்ந்தது இதுதான். இலைகளில் நீர் கசிந்தது, பூஞ்சை படர்ந்தது. விசிறியின் வேகத்தைக் கூட்டினார்கள்; பிறகு செடிகள் காயத் தொடங்கின. அப்போது அங்கிருந்த அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி, தரையிலிருந்து வரும் அட்டவணைப்படி அல்லாமல், செடியின் முகத்தைப் பார்த்துத் தானே நீர் விட அனுமதி கேட்டுப் பெற்றார். சில செடிகள் பட்டுப்போயின. பிழைத்தவற்றில் 2016 ஜனவரியில் ஆரஞ்சு நிறப் பூ மலர்ந்தது. உங்கள் மகள் கேட்ட விசிறியை அனுபவசாலிகளும் நாடவேண்டி வந்தது.

விளக்கைப் பற்றி அவள் சொன்னதும் சரியே. அங்கே செடிகள் சிவப்பும் நீலமும் கலந்த விளக்கொளியை நோக்கித்தான் வளர்கின்றன.

தண்ணீர் உருண்டையில்தான் சிக்கல். எடையற்ற நிலையில் நீர் வடிந்து போகாமல் வேரைப் போர்த்திக்கொள்வதால், வேருக்குக் காற்று கிடைப்பதில்லை. அதனால்தான் சுட்ட களிமண் துகள்களும் உரமும் நிரப்பிய சிறு துணிப்பைகளில் விதையை ஊன்றி, ஊசிக்குழலால் நீரை அளந்து செலுத்துகிறார்கள். ஆனால் "அது நடக்காது" என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள். உருண்டைக்குள் இருக்கும் விதை எப்படி மூச்சு விடும் என்று கேளுங்கள். உங்கள் அண்ணன் விரும்பும் திருத்தத்தை அவளே செய்துகொள்வாள், அதுவும் இன்னொரு புதிய யோசனையோடு. குழந்தையின் கற்பனையைப் பொய் என்று ஒதுக்குவதும், கேட்காமலேயே "ஆகா" என்று புகழ்ந்து நகர்ந்துவிடுவதும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன. இரண்டிலும் அவள் சொன்னதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்லுங்கள். 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட்டில், ஒரு மூடிய பெட்டிக்குள் 8 காராமணி விதைகளை இஸ்ரோ அனுப்பியது. நான்கே நாளில் அவை முளைத்தன. பிறகு இலையும் விட்டன. உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து டப்பாவில் இருக்கும் அதே பயறுதான்.

அதில் நாலைந்தை அவள் கையால் ஊறவைக்கச் சொல்லுங்கள். கண்ணாடித் தம்ளரின் உட்சுவரை ஒட்டி ஈரப் பஞ்சை வைத்து, பயறு வெளியே தெரியும்படி செருகுங்கள். வேர் விரல்நுனி அளவு நீண்டதும் தம்ளரைப் படுக்கவைத்தால், ஓரிரு நாளில் வேர் வளைந்து மறுபடி கீழ்நோக்கித் திரும்பும். படுக்கவைக்கும் முன்பே, வேர் எந்தப் பக்கம் போகும் என்று அவளிடம் கேட்டுவிடுங்கள். இதே தம்ளர் விண்வெளி நிலையத்தில் இருந்தால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். அவள் சொல்லும் விடையை, அது எதுவானாலும், அவள் சொற்களிலேயே எனக்கு எழுதி அனுப்புங்கள்.