பந்து எறிந்தால் பையனுக்கு முழங்கை வலி, மாத்திரை கொடுத்து ஆட அனுப்பலாமா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறோம். மகனுக்கு 13 வயது, பள்ளி பேஸ்பால் அணியில் பிட்ச்சர் (மட்டை ஆட்டக்காரருக்குப் பந்து எறிபவன்). இரண்டு மாதமாகப் பந்து எறியும்போது வலது முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்கிறான். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. கர்வ்பால் (வளைந்து போகும் பந்து) போட்டதால்தான் வலி, அதை விட்டுவிட்டுப் பட்டை கட்டி ஆடினால் சரியாகிவிடும் என்கிறார் பி.டி. சார். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டும் ஆடுவான். அடுத்த மாதம் போட்டி. வலி மாத்திரை கொடுத்து அனுப்பலாமா? (ஒரு வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. மாத்திரை போட்டால் வலி அடங்கும், வலி அடங்கினால் அவன் இன்னும் வேகமாக எறிவான், புண்பட்ட இடம் இன்னும் புண்படும். போட்டி அடுத்த வருடமும் வரும்.

இப்போது அவன் கையைப் பிடித்துப் பாருங்கள். முழங்கையின் உள்பக்கம் ஓர் எலும்பு முண்டு துருத்திக்கொண்டு இருக்கும், கதவில் இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி சுண்டுவிரல் வரை சுரீர் என்று போகுமே, அந்த இடத்தை ஒட்டி. அதை விரலால் அழுத்தினால் முகம் சுளிக்கிறானா? சுளித்தால் என் சந்தேகம் பெரும்பாலும் சரி.

13 வயதில் அந்த முண்டு இன்னும் கை எலும்போடு முழுசாக ஒட்டியிருக்காது, நடுவில் குருத்தெலும்பு இருக்கும். பையன்களுக்கு அது 15 முதல் 17 வயதுக்குள்தான் இறுகிச் சேரும். மணிக்கட்டை மடக்குகிற தசைகளும், முழங்கை உள்பக்கமாகப் பிளந்துவிடாமல் பிடித்திருக்கும் தசைநாரும் அதிலிருந்துதான் கிளம்புகின்றன. பூசின சுவர் காய்வதற்குள் ஆணி அடித்து, அதில் கயிறு கட்டி ஒரு நாளைக்கு நூறு முறை வெடுக்கென்று இழுத்தால் என்ன ஆகும்? கயிறு அறாது, ஆணிதான் அசையும். அதே பெரியவர்களுக்குச் சுவர் காய்ந்துவிட்டது, அதனால் கயிறு அறும். தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை வரை போகிற பிட்ச்சர்கள் பெரும்பாலும் அந்த வகை. பிள்ளைகளுக்கு வருகிற இந்த வலிக்கு அமெரிக்க மருத்துவர்கள் 1960லேயே லிட்டில் லீக் எல்போ என்று பெயர் வைத்துவிட்டார்கள். லிட்டில் லீக் என்பது அங்கே சிறுவர்கள் ஆடும் பேஸ்பால்.

சரி, அப்படி என்ன இழுப்பு அது? ஆற்றங்கரையில் கல்லில் துணி அடித்துத் துவைப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். தோளை மட்டும் வைத்து அடிப்பவருக்குப் பத்துத் துணியில் கை கழன்றுவிடும், காலை ஊன்றி இடுப்பைத் திருப்பி அடிப்பவர் ஒரு மூட்டையை முடித்துவிட்டுச் சாதாரணமாக எழுந்து போவார். பந்து எறிவதும் அதேதான். முன்கால் தரையில் ஊன்ற வேண்டும், அப்புறம் இடுப்பு திரும்ப வேண்டும், மார்பு ஒரு கணம் தாமதித்துத் திரும்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் தோள், முழங்கை, மணிக்கட்டு. சாட்டையின் பிடியில் கிளம்புகிற வேகம் நுனிக்குப் போகிற மாதிரி.

இதில் ஆபத்தான கணம் ஒன்று உண்டு. மார்பு முன்னால் திரும்பிவிட்டது, ஆனால் முன்கை இன்னும் பின்னால் மல்லாந்து கிடக்கிறது, அந்த நேரத்தில் தோள் அதை முன்னால் சுண்டி இழுக்கிறது. முழங்கையின் உள்பக்கம் பிளப்பது போல விரியும், வெளிப்பக்கம் நசுங்கும். அளந்து பார்த்திருக்கிறார்கள்: 10 முதல் 15 வயதுப் பிட்ச்சர்களுக்கு அந்தக் கணத்தில் முழங்கையில் வரும் முறுக்கு சராசரியாக 28 நியூட்டன் மீட்டர், தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு 64. 28 என்றால் முழங்கையிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஒன்பது கிலோவுக்கு மேல் தொங்கவிட்ட கணக்கு, அதுவும் கண் இமைப்பதற்குள், ஒவ்வொரு பந்துக்கும். அதற்கு அடுத்த கணம் தோள் உள்பக்கம் சுழலும் வேகத்தைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். பெரிய ஆட்டக்காரர்களுக்கு நொடிக்கு 7000 டிகிரி அளவுக்குப் போகிறது, அப்படியே நிற்காமல் சுழன்றால் ஒரு நொடியில் பத்தொன்பது சுற்று.

கால் ஊன்றுவதற்கு முன்பே மார்பைத் திறந்துவிடுகிற பையனுக்கு இந்த இழுப்பு கூடும், ஏனென்றால் இடுப்பு செய்ய வேண்டிய வேலையும் கையின் தலையில் விழுகிறது. களைத்தால் முழங்கை தோள் மட்டத்துக்குக் கீழே இறங்குவதையும் கவனியுங்கள். முன்பு எறிந்த வீடியோ யாருடைய போனிலாவது இருக்கும், ஸ்லோ மோஷனில் ஓட்டிப் பாருங்கள், முதல் பத்துப் பந்தையும் கடைசிப் பத்துப் பந்தையும் தனித்தனியாக. இதற்காக அவனைப் புதிதாக எறியச் சொல்லிவிடாதீர்கள்!

கர்வ்பால் விஷயத்தில் பி.டி. சாரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அவர் மட்டுமில்லை, உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் சொல்வதுதான் அது, ஆனால் சிறுவர்களை ஆய்வுக்கூடத்தில் வைத்து அளந்தபோது வேகப்பந்தைவிடக் கர்வ்பால் முழங்கைக்கு அதிகச் சுமை தருவதாகத் தெரியவில்லை. எண்ணிக்கையும் களைப்பும்தான் வில்லன்கள். 2006ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கை களைத்த பிறகும் வழக்கமாக எறிந்துகொண்டிருந்த பையன்கள், தோளிலோ முழங்கையிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்ட கூட்டத்தில் இருப்பதற்கான வாய்ப்பு 36 மடங்கு என்று வந்தது. முப்பத்தாறு!

நானும் சின்ன வயதில் மாந்தோப்பில் கல் எறிந்தவன்தான். சேலத்தில் வளர்ந்துவிட்டு எறியாமல் இருக்க முடியுமா? கை வலித்தால் கல்லைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம், எங்களுக்குக் கோப்பையும் இல்லை, பட்டை கட்டிவிட ஆளும் இல்லை. உங்கள் பையனால் அப்படிப் போக முடியவில்லை என்பதுதான் வித்தியாசம்.

சிறுவர் பிட்ச்சர்களுக்காக அமெரிக்காவில் 2014ல் வந்த பிட்ச் ஸ்மார்ட் விதிகளின்படி 13, 14 வயதில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 95 பிட்ச், அதாவது 95 எறி. 66ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. 95 என்பது தாண்டக் கூடாத கோடு, தினமும் எட்ட வேண்டிய இலக்கு என்று யாராவது புரிந்துகொண்டால் நான் பொறுப்பில்லை. வருடத்தில் நான்கு மாதமாவது போட்டிகளில் பிட்ச்சிங் கூடாது, அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து கையை ஓங்கி எறிவதே கூடாது என்றும் சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் அந்த நான்கு மாதத்தில்தான் கிரிக்கெட் நடக்கும் என்று நினைக்கிறேன். நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கர் போட்டதிலிருந்து இந்த மாவட்டத்தில் எல்லாப் பையன்களும் பவுலர்தான், அதில் எனக்கும் பெருமைதான். ஒழுங்காகக் கையை நீட்டிப் பந்து வீசுவது முழங்கைக்கு வேறு மாதிரிச் சுமை, ஆனால் பவுண்டரியிலிருந்து ஸ்டம்புக்கு எறிவது பிட்ச்சரின் எறியேதான், பந்தும் கனம் கூடுதல் (பேஸ்பால் 149 கிராமைத் தாண்டாது, பெரியவர்களின் கிரிக்கெட் பந்து 156க்குக் குறையாது). முழங்கைக்கு ஞாயிறும் திங்களும் ஒரே கணக்குதான்.

என்ன செய்ய வேண்டும் என்றால், எல்லா எறிதலையும் இன்றே நிறுத்துங்கள், பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம். பிட்ச்சிங் வேண்டாம் என்றால் கேட்ச்சராக (பிட்ச்சர் எறிவதைப் பிடித்துத் திருப்பி எறிபவன்) நிறுத்துகிறேன் என்பார்கள், அதுவும் கூடாது, அடுத்தபடியாக அதிகம் எறிகிறவன் கேட்ச்சர்தான். ஓடலாம், ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழலாம், வயிறு இடுப்புக்கான பயிற்சிகள் செய்யலாம், செய்யவும் வேண்டும். அழுத்தினால் வலி இல்லை, கை முழுசாக நீட்டி மடக்க வருகிறது என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு, பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் பத்து மீட்டரில் மெதுவாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொடங்கலாம்.

எறியும்போது டப்பென்று சத்தம் கேட்டிருந்தாலோ, வீங்கினாலோ, கையை நீட்ட முடியாமல் மாட்டிக்கொண்டாலோ, சுண்டுவிரல் மரத்தாலோ, வெளிப்பக்கமும் வலித்தாலோ காத்திருக்காதீர்கள், அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போங்கள். மற்றபடி இந்த வாரத்துக்குள் காட்டினால் போதும். முறிவு இல்லை என்ற எக்ஸ்ரேயை வைத்து நிம்மதி அடைய வேண்டாம், இந்த வயதில் ஒரு கையை மட்டும் எடுத்த படத்தில் குருத்தெலும்பு விரிந்திருப்பது தெரியாமல் போகலாம். வலிக்காத கையையும் சேர்த்து எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள், பழைய படத்தையும் கொண்டுபோங்கள்.

போட்டி நாளில் அவனை வீட்டில் அடைக்காதீர்கள், அழுதுவிடுவான். ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்துக் கிரவுண்டுக்கு அனுப்புங்கள், அவனுக்குப் பதிலாக இறங்குகிற பையன் எத்தனை பிட்ச் போடுகிறான் என்று எண்ணி, 66ஐத் தொட்டால் பி.டி. சாரிடம் போய்ச் சொல்லட்டும்.